முதல் கியருக்குக் கீழே

குமிழில் 'ஒன்று' என்று பொறித்திருக்கும்.
ரோட்டில் எவரும் ஒன்றில் கிளம்புவதில்லை.
அங்கே இரண்டுதான் ஒன்று.
இந்த ஒன்று மாடுகளுக்கானது.

எழுபத்தேழாம் வருடத்து ஃபோர்டு,
மூன்று டன் இரும்பு, நான்கு சக்கரமும் இழுக்கும்.
வயோமிங்கில் ஜனவரி என்றால்
மூச்சு விட்ட இடத்திலேயே மீசை வைக்கும் குளிர்,
எனக்கும்கூட.
ஒன்றில் போட்டு, கிளட்சை விட்டு,
ஸ்டியரிங்கைக் கயிற்றால் கட்டி,
ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி
நடந்துபோய்ப் பின்னால் ஏறிக்கொள்வேன்.
அது பாட்டுக்கு ஊரும்.
நான் பாட்டுக்குக் கட்டை அறுத்துப்
புல்லைத் தள்ளிக்கொண்டே வருவேன்.
நூற்றெண்பது மாடுகள் பின்னால்.
முன்னால், இருக்கையில், என் கையுறை மட்டும்.

பதினாறு குளிர்காலம் இப்படி.
இதைத் தனிமை என்று தேவாலயத்தில் ஒருத்தி சொன்னாள்.
இல்லையம்மா, இதற்குப் பெயர் கியர்.

இப்போது இடது இடுப்பில் டைட்டானியம்.
டாக்டர் காகிதத்தில் ஒரே வரி:
கிளட்ச் மிதிக்கக் கூடாது.

ஓடெல் ப்ரூயிட்டின் கொட்டகையில்
மூன்று ஆட்டோமேட்டிக் பெட்டிகள்,
உரித்துப் போட்ட கிடாய்கள் மாதிரி
எண்ணெய் சொட்டக் கிடந்தன.
"இது சி-ஆறு. மூன்றே கியர். முரடு.
பெட்ரோலைத் தண்ணியாய்க் குடிக்கும், ஆனால் சாகாது.
இதற்கு நான்கு கியர், நெடுஞ்சாலையில் சொகுசு,
கூடவே ஒரு கம்ப்யூட்டர் வேணும்.
மைனஸ் முப்பதில் அது என்ன யோசிக்குமோ
எனக்குத் தெரியாது.
அது ஸ்கூல் பஸ்ஸில் கழற்றியது. விலை சும்மா.
சட்டத்தை அறுக்கணும், தண்டை வெட்டணும்,
முன்சக்கரத்துக்குப் பிரிக்கிற பெட்டியைப் பின்னே தள்ளணும்.
சும்மா வந்தது எது சும்மா இருந்தது, லவீனா?"

பிறகு, குறுக்கே அறுத்த
கன்வெர்ட்டர் ஒன்றைக் காட்டினான்.
உள்ளே இரண்டு விசிறிகள், முகத்துக்கு முகம்.
ஒன்று சுழன்றால் எண்ணெய் போய்
மற்றதைத் தள்ளுமாம்.
தொட்டுக்கொள்வதே இல்லையாம்.

எங்கள் வீடு மாதிரி, என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

நான் கேட்டது ஒன்றுதான்:
"ஆளில்லாமல் எவ்வளவு மெதுவாகப் போகும்?"
ஏற்கெனவே துடைத்த கையை
ஓடெல் இன்னொரு முறை துடைத்தான்.
"போகும். லோ ரேஞ்சில் போட்டாலும்
மாட்டைவிட வேகமாகப் போகும்.
பிரேக்கில் யாராவது கால் வைச்சிருக்கணும்."

யாராவது.
அரிசோனாவில் வீட்டை வங்கிக்குக் கொடுத்துவிட்டு
ஐந்து அட்டைப்பெட்டியோடு வந்த அக்கா.
அம்மாவின் அடக்கத்துக்கு வராத ஆர்டித்.
கிளட்ச் பழகப்போய்க் கோழிக்கூண்டுக்குள் வண்டியை விட்டு
அதற்குப்பின் ஆட்டோமேட்டிக் தவிர எதையும் தொடாதவள்.
இரண்டு வருடமாக
உப்பு எங்கே, தபால் வந்ததா, அவ்வளவுதான் பேச்சு.
ஜன்னலோரம் ஆயிரம் துண்டுப் புதிர் அடுக்குவாள்.
வானம் மட்டும் எப்போதும் மிச்சமிருக்கும்.

"சி-ஆறைப் போடு," என்றேன்.
"எண்ணெயை ஆற்றப் பெரிய கூலராகப் பார்த்து வை."
"பெட்ரோல் செலவு?"
"தெரியும்."

முதல் நாள்.
என் பழைய கோட்டில் ஆர்டித்,
இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை
வாத்தின் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு.
கால் எடுத்தாள், வண்டி பாய்ந்தது.
"விட்டா ஓடுதுடி!"
"பிரேக்!"
மிதித்தாள் பாருங்கள்.
புல்கட்டுமேல் குப்புற விழுந்தேன்,
வாய் நிறையப் போன ஜூலையின் புல்.
பனியெங்கும் பிரேக் விளக்கின் சிவப்பு.
மாடுகள் நின்று பார்த்தன.

கண்ணாடி மெல்ல இறங்கிற்று.
"செத்துட்டியா?"
"இல்ல."
"அப்ப தள்ளு."

நகர்ந்தோம்.
கொஞ்சம் வேகம்தான்.